செவிலியர் உதவியாளர் பயிற்சி: கொடுத்த கட்டணத்துக்குக் கிடைத்தது என்ன?

பிசிஷியன் அசிஸ்டென்ட் (மருத்துவருடன் இணைந்து நோயாளிகளைப் பரிசோதித்துச் சிகிச்சை தருபவர்) படிப்புக்கு விண்ணப்பிக்கும் முன் நோயாளிகளை நேரில் பராமரித்த அனுபவம் வேண்டும் என்பதற்காக, கலிபோர்னியாவில் எங்கள் வீட்டுக்கு அருகிலுள்ள ஒரு தனியார் நிலையத்தில் செவிலியர் உதவியாளர் பயிற்சியில் சேர்ந்தேன். அமெரிக்கக் கூட்டரசு விதி இதற்குக் குறைந்தது 75 மணிநேரம் என்கிறது. கலிபோர்னியாவோ வகுப்பறையில் 60, நோயாளிகளிடம் 100 என மொத்தம் 160 மணிநேரம் கேட்கிறது. அந்த நூறு மணிநேரத்துக்காகத்தான் பணம் கட்டினேன்.

வகுப்பறைப் பகுதியைப் பாராட்ட மனம் வரவில்லை. பாடங்களைப் பெரும்பாலும் திரையில் ஓடவிட்டார்கள். இரத்த அழுத்தம் பார்த்துப் பழகப் பதினான்கு பேருக்கு மூன்று கருவிகளே இருந்தன. அவற்றிலும் ஒன்றில் காற்று நிற்காது.

முதியோர் பராமரிப்பு இல்லத்துக்குப் போன பிறகு நிலைமை மாறியது. பக்கவாதம் வந்தவருக்குச் சட்டை போடும்போது செயலிழந்த கையை முதலில் நுழைக்க வேண்டும், கழற்றும்போது கடைசியில் விட வேண்டும் என்று படித்திருந்தேன். ஆனால் தானாக அசையாத ஒரு கை எவ்வளவு கனக்கும் என்பது, எங்கள் பயிற்றுநர் அதை என் கையில் ஏந்தக் கொடுத்தபோதுதான் தெரிந்தது. படுக்கைப் புண் வராமலிருக்க இரண்டு மணிநேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவைப்பது, இடுப்பில் பட்டை கட்டி எழுப்பி நிறுத்துவது, சிறுநீரை அளந்து குறிப்பது எல்லாவற்றையும் அவர் பக்கத்தில் நின்று திருத்தினார். அருவருப்பாக இருக்குமே என்று கேட்பவர்களுக்கு: மலத்தட்டை எடுப்பது இரண்டாம் நாளே பழகிவிட்டது. மறதிநோயால் வாய் திறக்க மறுப்பவருக்கு ஊட்டுவதுதான் கடைசிவரை பழகவில்லை. ஒரு கிண்ணம் ஓட்ஸ் கஞ்சிக்கு முக்கால் மணிநேரம் ஆகும், அவசரப்படுத்தினால் புரையேறிவிடும்.

ஒரு பயிற்றுநருக்கு 15 மாணவர்கள் வரை விதி அனுமதிக்கிறது. ஆகவே எங்கள் எண்ணிக்கையைத் தவறென்று சொல்ல முடியாது. ஆனால் அவருக்காகக் காத்து நின்றே சில காலைப்பொழுதுகள் கழிந்தன. சீருடை, கைரேகைப் பதிவு, தேர்வு ஆகியவற்றுக்குத் தனிச்செலவு என்பதைச் சேர்ந்த பின்னரே சொன்னது எரிச்சலூட்டியது. பயிற்சி நேரத்தையும் விண்ணப்பத்தில் அனுபவமாகக் காட்டலாம் என்று அலுவலகத்தில் கூறியதையும் அப்படியே நம்ப வேண்டாம். பல கல்லூரிகள் வேலையில் அமர்ந்து செய்ததையே கணக்கில் கொள்கின்றன. ஆயிரம் மணிநேரமும் அதற்கு மேலும் கேட்பவை உண்டு.

இன்னொன்றையும் தாமதமாகவே அறிந்தேன். மெடிகேர் என்னும் அரசு மருத்துவக் காப்பீட்டிலிருந்து பணம் பெறும் முதியோர் இல்லத்தில் வேலை உறுதியான பிறகு பயிற்சியைத் தொடங்குபவரிடம், கூட்டரசு விதிப்படி அதற்குக் கட்டணம் வாங்கக்கூடாது. முன்பே தெரிந்திருந்தால் இந்த நிலையத்தின் படியேறியிருக்க மாட்டேன்.