சேப்பியன்ஸா, டயமண்டா?

கல்லூரியில் முதல் வருடம் முடித்த அக்கா மகன், மனித வரலாறு பற்றி ஒரே ஒரு புத்தகம் வாங்கித் தரச் சொன்னான். கதை வேண்டாம், பாடப்புத்தகம் மாதிரியும் இருக்கக் கூடாதாம். எனக்குத் தோன்றியவை இரண்டு: யுவால் நோவா ஹராரியின் 'சேப்பியன்ஸ்', ஜாரெட் டயமண்டின் 'கன்ஸ், ஜெர்ம்ஸ் அண்ட் ஸ்டீல்' (துப்பாக்கி, கிருமி, எஃகு; சில கண்டத்து மக்கள் முந்திக்கொண்டதற்குப் புவியியலே காரணம் என்று வாதிடும் நூல்). டயமண்டை வாங்கினேன்.

தடிமனில் பெரிய வித்தியாசம் இல்லை. விறுவிறுப்பில் ஹராரியை மிஞ்ச முடியாது. சேலத்திலிருந்து சென்னைக்கு ரயில் போய்ச் சேர்வதற்குள் கால்வாசி ஓடிவிடும். பணம், நிறுவனம், நாடு எல்லாம் நாம் சேர்ந்து நம்பும் கற்பனைகள் என்று பெஜோ கார் கம்பெனியை வைத்து அவர் விளக்கும் பக்கங்கள் அபாரம்.

என் கணக்கில் முடிவு செய்தது வேறு. ஆசிரியர் சொல்வதை நம் ஊரில் வைத்துச் சோதிக்க முடிகிறதா? கோதுமைதான் மனிதனைப் பழக்கியது என்கிறார் ஹராரி. கேட்க ஜோர். ஆனால் எதைக் காட்டினால் அது தவறு என்று ஆகும்? எனக்கு விளங்கவில்லை.

டயமண்ட் பிடி கொடுக்கிறார். பயிர்கள் கிழக்கு மேற்காக எளிதில் பரவும், வடக்கு தெற்காகத் திணறும் என்பது அவர் வாதம். ஒரே அட்சரேகையில் பகல் நீளமும் பருவமும் ஒத்துப்போகும். மேற்காசியாவில் பிறந்த கோதுமை எத்தியோப்பியாவோடு நின்றுபோனது. வெப்பமண்டலத்தைத் தாண்டி ஆப்பிரிக்காவின் தென்முனைக்கு அது போய்ச் சேர்ந்தது, 1652-இல் ஐரோப்பியர் கப்பலில் வந்து குடியேறிய பிறகுதான். சரி, நம் பக்கம் பார்ப்போம். சேலத்து வயல்களில் கோதுமையை யார் பார்த்தது? களி கிண்டும் கேழ்வரகோ கிழக்கு ஆப்பிரிக்க மேட்டுநிலங்களிலிருந்து வந்தது. ஏற்காட்டுக் காப்பியின் பூர்வீகம் எத்தியோப்பிய மலைக்காடு. 1820-களில் கலெக்டர் காக்பர்ன் அதைச் சேர்வராயன் மலைக்குக் கொண்டுவந்தார். சுமார் 1,500 மீட்டர் உயரமும் வெப்பமண்டலமும் அதற்குப் பழகிய இடம்தான். ஜவ்வரிசி மில்களுக்குப் போகும் மரவள்ளி தென் அமெரிக்கச் செடி. கடல் தடுத்தவரை அங்கேயே கிடந்தது, கப்பல் வந்ததும் இங்கே வேரூன்றிவிட்டது. இப்படி ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்த்துக்கொண்டே படிக்கலாம்.

கேழ்வரகு கொஞ்சம் இடிக்கவும் செய்கிறது. கப்பல் யுகத்துக்கு வெகுகாலம் முன்பே அது கடலையோ பாலைவனத்தையோ தாண்டி வந்துவிட்டதே! இப்படி இடிக்க வழி இருப்பதுதான் எனக்குப் பிடித்திருக்கிறது. வளர்க்கத் தக்க 148 பெரிய தாவர உண்ணிகளில் 14 மட்டுமே பழக்கப்பட்டன என்று அவர் எண் கொடுக்கும்போதும் அப்படித்தான். பட்டியலை எடுத்து வைத்துச் சண்டை போடலாம்.

குறைகளும் உண்டு. இந்தியாவுக்கென்று தனி அத்தியாயமே கிடையாது. சீனாவுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் இருக்கிறது. சொன்னதையே திரும்பச் சொல்வார். 1997-இல் வந்த புத்தகம் என்பதால் சில இடங்கள் பழசாகிவிட்டன. காசநோய் மாட்டிடமிருந்து மனிதனுக்கு வந்தது என்று அதில் இருக்கும், பின்னாளைய மரபணு ஆய்வுகள் அதை ஏற்கவில்லை. புவியியலுக்கு இவ்வளவு பங்கு கொடுத்தால் மனிதர்கள் எடுத்த முடிவுகளுக்கு என்ன இடம் என்று மானுடவியலாளர்கள் கேட்கிறார்கள். அந்தத் துறை நான் படித்ததில்லை, தீர்ப்புச் சொல்ல மாட்டேன். ஹராரியின் பிற்பகுதி, அதாவது அறிவியல், முதலாளித்துவம் பற்றியது, இரண்டாம் முறை நான் புரட்டாத பகுதி. அங்கே அவருக்கு நான் நியாயம் செய்யாமல் இருக்கலாம்.

படிக்கும் பழக்கமே இல்லாதவர் என்றால் சேப்பியன்ஸையே கொடுங்கள். அந்த ஹராரியே தன் நன்றியுரையில், பெரிய படத்தைப் பார்க்கக் கற்றுத் தந்தவர் என்று டயமண்டுக்கு நன்றி சொல்லியிருக்கிறார். டயமண்டை வாங்கிவிட்டு முதல் நூறு பக்கத்தில் சலிப்பு தட்டினால், 9-ஆம் அத்தியாயத்துக்குத் தாவிவிடுங்கள். வரிக்குதிரையை ஏன் பழக்க முடியவில்லை என்பது அங்கே. பயிர்களின் பயணம் அடுத்த அத்தியாயத்தில். அக்கா மகனுக்கும் அங்கேதான் காகிதம் செருகிக் கொடுத்திருக்கிறேன்.