ஓவியமும் பதக்கமும் ஜோடியாக ஏலத்துக்கு வந்தால் கொஞ்சம் உஷாராக இருங்கள்

பழைய மினியேச்சர் உருவப்படங்களையும் ராணுவப் பதக்கங்களையும் ஏலத்தில் வாங்குகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். போலிப் பதக்கம், போலி ஓவியம் பற்றி எச்சரிக்க ஏற்கெனவே நிறையப் பேர் இருக்கிறார்கள். எனக்கு நடந்தது வேறு. என்னிடம் இப்போது இருக்கும் ஓவியம் உண்மையிலேயே பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் வரைந்தது, பதக்கமும் உண்மையிலேயே பத்தொன்பதாம் நூற்றாண்டில் அடித்த வெள்ளிப் பதக்கம். இரண்டும் ஒரே ஆளுடையவை என்று சொன்னார்களே, அதுதான் பொய். நான் கொடுத்த விலையில் பெரும்பகுதி அந்தப் பொய்க்குத்தான் போனது, விற்ற ஏல நிறுவனத்தின் நிபந்தனைகளில் அதற்கு மட்டும் ஒரு வரிகூடப் பாதுகாப்பு இல்லை.

பிரிட்டனில் உள்ள ஓர் ஏல நிறுவனம், பெயர் வேண்டாம். கேட்டலாகில் இப்படி எழுதியிருந்தார்கள்: கிழக்கிந்தியக் கம்பெனியின் மதராஸ் படை அதிகாரி ஒருவருடைய ஆர்மி ஆஃப் இந்தியா மெடல், மெஹித்பூர் கிளாஸ்ப்புடன் (எந்தப் போர் என்று பொறித்து ரிப்பனில் மாட்டும் பட்டை), கூடவே, தந்தத் தகட்டில் வாட்டர்கலரில் தீட்டிய அவருடைய உருவப்படம், நீள்வட்டச் சட்டத்தில், இரண்டும் குடும்பத்தில் வழிவழியாக வந்தவை. எவ்வளவு பெரிய தூண்டில் பாருங்கள். பதக்கம் சேகரிக்கிறவருக்குப் பெயர், ரெஜிமென்ட், போர் எல்லாம் கிடைக்கும், முகம் கிடைக்காது. மினியேச்சர் சேகரிக்கிறவருக்கு முகம் கிடைக்கும், யார் என்று தெரியாது. 'பெயர் தெரியாத ஒரு கனவான்', 'பெயர் தெரியாத ஓர் அதிகாரி' என்றுதான் லாட் லாட்டாக (ஏலத்தில் ஓர் எண் போட்டு விற்பதுதான் ஒரு லாட்) வந்துகொண்டிருக்கும். இரண்டையும் ஒன்றாக வைத்தால் இரண்டு கூட்டமும் கையைத் தூக்கும், தனித்தனியாகப் போயிருந்தால் கிடைத்திருக்கும் தொகையைத் தாண்டி விலை எங்கேயோ போய்விடும். இது விற்கிறவர்களுக்கும் நன்றாகவே தெரியும்.

அந்தப் பதக்கம் பற்றித் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பின்னால் வரும் கணக்கெல்லாம் இதை வைத்துத்தான். 1803 முதல் 1826 வரை இந்தியாவில் நடந்த போர்களுக்காக 1851இல்தான் அந்தப் பதக்கத்துக்கு அனுமதி வந்தது. (பதக்கத்தின் பின்பக்கத்தில் 1799 என்று இருக்கும், ஆனால் முதல் கிளாஸ்ப்பே 1803இன் அலிகர்தான், 1799இன் ஸ்ரீரங்கப்பட்டணத்துக்குத் தனிப் பதக்கம் உண்டு.) அனுமதி வந்தபோது உயிரோடு இருந்தவர்கள் விண்ணப்பித்து வாங்க வேண்டும். மத்திய இந்தியாவின் மெஹித்பூரில் மராட்டிய அரசரான ஹோல்கரின் படையுடன் மோதியது 1817 டிசம்பர் 21ஆம் தேதி. அதாவது அங்கே சண்டை போட்டவர் இன்னும் முப்பத்து நான்கு வருடம் உயிர் வாழ்ந்திருந்தால்தான் இந்தப் பதக்கத்தைக் கையில் வாங்கியிருக்க முடியும். அதனால்தான் இவ்வளவு குறைவாகக் கிடைக்கிறது, அதனால்தான் இவ்வளவு விலை.

ஏலத்துக்கு முன்னால் கன்டிஷன் ரிப்போர்ட் (பொருளின் நிலை பற்றி ஏல நிறுவனம் தரும் அறிக்கை) கேட்டேன். பதக்கத்தின் விளிம்பில் பொறித்திருக்கும், அதைப் பெற்றவரின் பெயரைச் சுற்றிலும் படம் எடுத்து அனுப்புங்கள், மினியேச்சரின் பின்பக்கப் படம் வேண்டும், குடும்ப வழி என்பதற்கு ஆதாரம் என்ன என்று மூன்றையும் எழுதிக் கேட்டேன். விளிம்புப் படம் ஒன்றே ஒன்று வந்தது, வெளிச்சம் நேராக அடித்து எழுத்துகள் பளபளக்கும் படம். பின்பக்கத்தில் பழைய லேபிள் இருக்கிறது, அதில் அதிகாரியின் பெயரும் 'மதராஸில் வரைந்தது' என்ற குறிப்பும் இருக்கின்றன என்றார்கள். ஆதாரம் கேட்டதற்கு, விற்பவர் தம் பெயரை வெளியிட விரும்பவில்லை, ஆனால் எங்களுக்கு நீண்டநாள் பழக்கம் என்று பதில். தொலைபேசியில் பேசியவர் ரொம்ப மரியாதையாகத்தான் பேசினார், அதில் குறை சொல்ல முடியாது.

சரி, பெயர் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்தேன். இருந்தது. கம்பெனிப் படைகளின் பதக்கப் பட்டியல்கள் லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆபீஸ் ஆவணங்களில் இருக்கின்றன, அதில் அந்த அதிகாரியின் பெயரும் அதே கிளாஸ்ப்பும் ஒழுங்காக இருந்தன. இங்கேதான் பலரும் நிறுத்திவிடுகிறார்கள், 'பட்டியலில் உறுதி செய்யப்பட்டது' என்று கேட்டலாகில் ஒரு வரி பார்த்தாலே நிம்மதி வந்துவிடுகிறது. பெயரை மாற்றிப் பொறிக்கிறவனும் அதே பட்டியலைத்தானே திறந்து வைத்துக்கொண்டு உட்காருகிறான்! இல்லாத பெயரைப் போட அவனுக்கென்ன பைத்தியமா? பட்டியல் சொல்வது இப்படி ஒருவர் இருந்தார், அவருக்குப் பதக்கம் கிடைத்தது என்பதை மட்டும்தான். உங்கள் முன்னால் இருக்கும் வெள்ளித்துண்டு அவருடையதுதானா என்பதைப் பட்டியல் சொல்லாது, விளிம்புதான் சொல்லும்.

பார்சல் வந்ததும் விளிம்பைப் பக்கவாட்டு வெளிச்சத்தில் பத்து மடங்கு பெரிதாக்கும் லூப் (உருப்பெருக்கி) வைத்துப் பார்த்தேன். இதே பதக்கம் ஐரோப்பிய அதிகாரிகளுக்குப் போனவற்றின் பழைய ஏலப் படங்களில் அச்சால் அழுத்திய எழுத்துகளைத்தான் பார்த்திருக்கிறேன்: ஒரே உயரம், ஒரே ஆழம், அழுத்தத்தில் ஓரம் லேசாகப் பிதுங்கியிருக்கும். இதில் இருந்தது கையால் செதுக்கிய எழுத்து. எழுத்துகளுக்கு அடியில் மெல்லிய அரம் போட்ட கோடுகள், ஓர் இடத்தில் பழைய எழுத்தொன்றின் மிச்சம் பேய் மாதிரித் தெரிந்தது. வெர்னியர் காலிப்பர் போட்டால், பெயர் இருக்கும் பக்கத்தில் விட்டம் மற்ற பக்கத்தைவிடக் குறைகிறது. யாரோ ஒரு சாதாரண சிப்பாயின் பெயரைத் தேய்த்து எடுத்துவிட்டு அதிகாரியின் பெயரை ஏற்றியிருக்கிறார்கள். சிப்பாய் பெயருக்கும் அதிகாரி பெயருக்கும் உள்ள விலை வித்தியாசம் அந்த உழைப்புக்குத் தாராளமாகக் கூலி கொடுக்கும்.

ஓவியத்துக்கு வருவோம். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். படத்தில் இருப்பவருக்கு நாற்பது வயது மதிக்கலாம். சிவப்புக் கோட்டு, தலைமுடிக்கு வெள்ளைப் பொடி, பின்னால் ஜடை கட்டிக் கறுப்பு ரிப்பன். பிரிட்டனில் முடிப்பொடிக்கு வரி போட்டது 1795இல், அதோடு அந்த மோகம் சரியத் தொடங்கிவிட்டது. ராணுவத்தில் ஜடையை வெட்டச் சொல்லி உத்தரவு வந்தது 1808இல். தூரிகை வேலை, கோட்டின் வெட்டு எல்லாமே 1790ஐ ஒட்டித்தான் நிற்கின்றன, இதைக் கேட்டலாகே ஒப்புக்கொள்கிறது, '1790 வாக்கில்' என்று அவர்களே போட்டிருக்கிறார்கள். அப்போது நாற்பது என்றால் 1851இல் அவருக்கு நூறு வயது! பதக்கப் பெயருக்குரிய அதிகாரியோ, கம்பெனி அதிகாரிகளின் அகரவரிசைப் பட்டியல் 1838இல் அச்சானதே, அதன்படி 1810க்குப் பிறகுதான் கேடட்டாக (பயிற்சி அதிகாரியாக) சேர்ந்தவர். படம் வரைந்தபோது அவர் பிறந்தே இருக்கமாட்டார். இரண்டு தேதிகளையும் ஒரே பக்கத்தில் அச்சடித்துவிட்டு, கூட்டிக் கழித்துப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லையாம், இதை நான் நம்ப வேண்டுமாம்.

லேபிளையும் சோதித்தேன். பழுப்பேறிய காகிதம், மங்கிய மை, பார்க்க அவ்வளவு பாந்தமாக இருந்தது. யூவி (புற ஊதா) விளக்கைக் காட்டினால் நீலவெள்ளையாக ஜொலிக்கிறது. காகிதத்தை வெள்ளையாகக் காட்டச் சேர்க்கும் ரசாயனம் அப்படி ஒளிரும், அது இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய காகிதங்களில்தான் பரவலாக வரும். பதினெட்டாம் நூற்றாண்டுத் தந்த ஓவியத்தின் முதுகில் அதற்கென்ன வேலை? சட்டத்தை நானாகத் திறக்கவில்லை, நீங்களும் திறக்காதீர்கள். தந்தத் தகடு மிகவும் மெல்லியது, ஈரப்பதம் மாறினாலே வளைந்து வெடிக்கும், அதைப் பாதுகாப்பு நிபுணரிடம் விட்டுவிடுவதுதான் நல்லது.

ஓவியர் விஷயத்திலும் ஒரு சாமர்த்தியம் செய்திருந்தார்கள். தடித்த எழுத்தில் ஜான் ஸ்மார்ட் பெயர், கீழே பொடி எழுத்தில் 'மேனர் ஆஃப்'. ஜான் ஸ்மார்ட் 1785இல் மதராஸுக்கு வந்து பத்து வருடம் இருந்து ஆற்காடு நவாபையும் கம்பெனி அதிகாரிகளையும் வரைந்தவர், அந்தக் காலத்துப் படங்களில் தம் இனிஷியலோடும் வருடத்தோடும் இந்தியாவுக்காக 'ஐ' என்ற எழுத்தையும் போட்டார். என் படத்தில் கையெழுத்தே இல்லை. 'மேனர் ஆஃப்' என்றால் அந்தப் பாணியில் யாரோ எப்போதோ வரைந்தது என்றுதான் பொருள், சட்டப்படி அவர்கள் தப்பித்துவிடுவார்கள். 'அட்ரிபியூட்டட் டு', 'சர்க்கிள் ஆஃப்', 'ஆஃப்டர்' என்று ஒவ்வொன்றுக்கும் கேட்டலாகின் கடைசிப் பக்கத்தில் விளக்கம் இருக்கும், ஏலம் கேட்பதற்கு முன்னால் படியுங்கள். கையெழுத்து இருந்தாலும் ஆறுதல் இல்லை: அதே காலத்து மினியேச்சர் ஓவியரான ரிச்சர்ட் காஸ்வே தம் முதிர்ந்த காலப் படங்களில் பெரும்பாலும் பின்பக்கத்தில் லத்தீனில் நீளமாகக் கையெழுத்துப் போட்டவர், சந்தையில் பார்த்தால் முன்பக்கத்தில் கொட்டை எழுத்தில் 'காஸ்வே' என்று போட்ட படங்கள் எக்கச்சக்கம்.

அவர்களைக் காட்டிக்கொடுத்தது கடைசியில் தந்த விற்பனையைக் கட்டுப்படுத்தும் அரசுச் சட்டம்தான். பிரிட்டனின் 2018ஆம் வருடத் தந்தச் சட்டம் 2022 ஜூனில் நடைமுறைக்கு வந்தது. 1918க்கு முன் வரைந்த, 320 சதுர சென்டிமீட்டருக்கு மேல் போகாத உருவப்பட மினியேச்சர்களை விற்கலாம், ஆனால் விற்பதற்கு முன்னால் அரசிடம் படத்தோடும் விவரத்தோடும் பதிவு செய்ய வேண்டும். பதிவு ஆவணத்தின் நகலைக் கேட்டேன், தயங்காமல் அனுப்பினார்கள். அதில் விற்பவர் எழுதியிருந்த விவரம்: 'அடையாளம் தெரியாத ராணுவ அதிகாரி, சுமார் 1790.' அரசாங்கத்திடம் ஒரு கதை, கேட்டலாகில் ஒரு கதை. நான் இதை ஏலத்துக்குப் பிறகு கேட்டேன், நீங்கள் முன்னாலேயே கேளுங்கள், தந்த மினியேச்சர் எதுவானாலும். வேறு நாட்டுக்குக் கொண்டுபோவதாக இருந்தால் சைட்டிஸ் (அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச உடன்படிக்கை) அனுமதி என்று இன்னொரு படலம் இருக்கிறது. இந்தியாவில் தந்த வியாபாரமே தடை, அந்தப் பக்கம் யோசிக்கவே வேண்டாம்.

எல்லாவற்றையும் படங்களோடு எழுதி அனுப்பிப் பணத்தைத் திருப்பிக் கேட்டேன். முதலில் நிபுணர் விடுமுறையில் இருக்கிறார் என்றார்கள், அப்புறம் கேட்டலாகில் எழுதியது எல்லாம் கருத்து மட்டுமே என்றார்கள், கடைசியில் நிபந்தனையைக் காட்டினார்கள். பெரும்பாலான ஏல நிறுவனங்களைப் போல இவர்களும் 'வேண்டுமென்றே செய்த போலி' என்று நிரூபித்தால் குறிப்பிட்ட காலத்துக்குள் திருப்பி எடுத்துக்கொள்கிறார்கள். ஆனால் பதக்கம் போலி இல்லையே, பெயர்தானே மாறியிருக்கிறது, அது 'பிற்காலத் திருத்தம்', கன்டிஷன் சம்பந்தப்பட்டது. ஓவியமும் போலி இல்லையே, காலம் சரிதானே. லேபிளை நாங்கள் விற்கவில்லை, லேபிள் இருக்கிறது என்றுதான் சொன்னோம். இப்படி ஒவ்வொன்றாகப் பிரித்தால் ஒன்றுமே தப்பில்லை என்று ஆகிவிடுகிறது. சேர்த்து வைத்துத்தானே விலை வாங்கினீர்கள் என்று கேட்டதற்குப் பதில் இல்லை. சுத்தியல் விலைக்கு (ஏலம் முடிந்த விலைக்கு) மேல் வாங்குகிறவர் நிறுவனத்துக்குத் தரும் கால்பங்கு அளவு பிரீமியம், அந்த பிரீமியத்துக்கு 20 சதவீதம் வாட், இணையத்தில் கேட்டதற்குத் தனிக் கட்டணம் என்று வாங்கியதைப் பற்றியும் பேச்சில்லை.

அதற்குப் பிறகு ஒரு பெரிய சலுகை வந்தது: வேண்டுமானால் அடுத்த ஏலத்தில் உங்கள் சார்பில் விற்றுத் தருகிறோம், விற்பவர் கமிஷன் வேண்டாம். கேட்டலாக் விவரத்தைத் திருத்துவீர்களா என்று கேட்டேன். பழைய விவரமே நல்ல விலை தரும் என்று நிறுவனத்தின் சார்பில் பேசிய அம்மா சாவகாசமாகச் சொன்னார். வேண்டாம் என்றுவிட்டேன். எழுத்தில் கொடுங்கள் என்றேன், அதன் பிறகு என் மின்னஞ்சல்களுக்குப் பதிலே வருவதில்லை. ஆகவே கேட்பதை எல்லாம் எழுத்தில் கேளுங்கள், ஏலத்துக்கு முன்னாலேயே, 'இந்தப் பெயர் பதக்கம் வழங்கியபோதே போட்டதா, ஆம் அல்லது இல்லை', 'படத்தில் இருப்பவர் இவர்தான் என்பதற்கு லேபிளைத் தவிர வேறு என்ன இருக்கிறது' என்று நேராகக் கேளுங்கள். உயில், கடிதம், பழைய குடும்பப் புகைப்படத்தில் அதே மினியேச்சர் சுவரில் தொங்குவது, இப்படி ஏதாவது ஒன்று இருந்தால்தான் ஜோடி. இல்லையென்றால் இரண்டையும் தனித்தனிப் பொருளாக எண்ணி, தனித்தனியாக விலை போட்டுக் கூட்டிக்கொள்ளுங்கள், அதற்கு மேல் ஒரு பைசா ஏற்றாதீர்கள்.

இன்னொன்று. அந்த ஏலத்தின் படங்களைப் பிறகு ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தபோது, இதேபோல ஓவியமும் பதக்கமுமாக இன்னும் சில ஜோடிகள் இருந்தன, ஒவ்வொன்றிலும் குடும்பப் பெயர் வேறு, சில பீரங்கிப்படை, ஒன்று கடற்படை, ஆனால் லேபிளில் எல்லாவற்றுக்கும் ஒரே கையெழுத்து. அவையும் விற்றுப்போய்விட்டன, சீக்கிரம் வேறு ஏலங்களில் தலைகாட்டலாம். அடையாளம் சொல்கிறேன்: லேபிள் சதுரமாக இருக்கும், நான்கு மூலையும் ஒரே அளவில் வெட்டியிருக்கும், பதவிப் பெயரைச் சுருக்காமல் முழுதாக எழுதி அதற்கு அடியில் இரட்டைக் கோடு போட்டிருக்கும், ஊர்ப் பெயருக்குப் பின்னால் வருடம் இருக்காது. அப்படி ஒன்றைப் பார்த்தால் லேபிளை யூவி விளக்கில் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், பதக்கத்தின் விளிம்பையும் பக்கவாட்டு வெளிச்சத்தில் முழுச் சுற்று எடுக்கச் சொல்லுங்கள். மறுத்தால் அந்த லாட்டை விட்டுவிடுங்கள்.