லாரியின் பூர்வீகம் தேட எது உதவும்: ஆர்.சி. புக்கா, ஆர்.டி.ஓ. பதிவேடா, இரும்பா, மேஸ்திரியா?

சங்ககிரிக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்துச் சாளையில் நின்றது அந்த மூக்கு வைத்த ஃபார்கோ லாரி. பின் டயர்கள் பாதி மண்ணுக்குள். டிரைவர் சீட்டில் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. “எங்கப்பா வாங்குன நாள்ல இருந்து இதே எஞ்சின்தானுங்க” என்றார் விற்கிறவர்.

ஆர்.சி. புக்கை வாங்கிப் பார்த்தேன். எரிபொருள் என்ற இடத்தில் ‘பெட்ரோல்’ என்று எழுதி, அதைச் சிவப்பு மையால் அடித்து, மேலே ‘டீசல்’ என்று திருத்தியிருந்தது. பக்கத்தில் ஒரு சுருக்கொப்பம், தேதி மங்கிப்போன ரப்பர் ஸ்டாம்ப். எஞ்சின் நம்பரும் அதே மையில் திருத்தம். சரி, பெட்ரோல் எஞ்சினைக் கழற்றிவிட்டு டீசல் போட்டிருக்கிறார்கள், அந்தக் காலத்தில் எல்லோரும் செய்ததுதானே என்று பானட்டைத் தூக்கினேன். உள்ளே இருந்தது பெர்கின்ஸ் பி-6 என்ற டீசல் எஞ்சின். ஆனால் பிளாக்கில், அதாவது எஞ்சினின் வார்ப்பு உடலில், இருந்த நம்பர் புக்கில் அடித்த நம்பரும் இல்லை, திருத்திய நம்பரும் இல்லை.

ஆக, இந்த வண்டி குறைந்தது மூன்று எஞ்சின் பார்த்திருக்கிறது. புக்குக்குத் தெரிந்தது இரண்டு. விற்கிறவருக்குத் தெரிந்தது ஒன்று.

பழைய லாரி வாங்குகிறவர்கள் “எதை நம்புறது?” என்று கேட்கும்போதெல்லாம் எனக்கு இந்த ஃபார்கோதான் ஞாபகம் வரும். யார் யார் கையில் இருந்தது என்பது சேஸிஸோடு, அதாவது வண்டியின் அடிச்சட்டத்தோடு, போகிற கதை. எஞ்சினுக்கு அது தனிக் கதை. இரண்டையும் ஒரே சாட்சியிடம் கேட்டால் ஒன்றில் கட்டாயம் ஏமாறுவோம்.

உரிமையாளர் வரிசைக்கு முதல் இடம் ஒரிஜினல் புக்குக்குத்தான். பழைய புக்கில் பெயர் மாற்றம் ஒவ்வொன்றும் தனிப் பதிவாக, தேதியோடு இருக்கும். அதைவிட நான் விரும்பிப் படிப்பது ஹெச்.பி. பதிவுகளை, அதாவது வண்டி மேல் வாங்கிய கடன் பதிவுகளை. எந்த ஊர் பைனான்ஸ், எப்போது ஏறியது, எப்போது கழிந்தது என்று பார்த்தாலே வண்டி எந்த ஊர்ப் பக்கம் ஓடியது என்று ஊகிக்கலாம். பைனான்ஸ் கழிந்த கையோடு பெயர் மாறியிருந்தால், வாங்கியவர் கடனைக் கட்டி முடித்துவிட்டு விற்றிருக்கிறார் என்று கொள்ளலாம். கடன் நிற்கும்போதே மாறியிருந்தால் அங்கே ஒரு சோகக் கதை இருக்கக்கூடும்.

புக்கின் பலவீனம் இரண்டு. புக் தொலைந்து டூப்ளிகேட் வாங்கியிருந்தால் பெரும்பாலும் இன்றைய நிலவரம்தான் அதில் இருக்கும், பழைய கைகள் போய்விடும். இன்னொன்று, வெற்றுப் படிவத்தில் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளும் வழக்கம். பெயர் மாற்றத்துக்கான 29, 30 ஆகிய படிவங்களில் விற்றவர் கையெழுத்தைப் போட்டுக்கொடுத்துவிடுவார். தேதியோ வாங்குகிறவர் பெயரோ இருக்காது. அந்தத் தாள் இரண்டு மூன்று பேர் கை மாறி, கடைசி ஆள்தான் அலுவலகத்துக்குப் போவார். நடுவில் வைத்து ஓட்டியவர்கள் எந்த ஏட்டிலும் கிடையாது.

ஆர்.டி.ஓ. பதிவேடு இதற்கு அடுத்த இடம்தான். புக் இல்லாத வண்டிக்கு வேறு கதியில்லை என்பதால் போகவேண்டியிருக்கும். 1939-ஆம் வருட மோட்டார் வாகனச் சட்டத்தின் கீழ் பதிவான, மூன்று எழுத்து நம்பர் கொண்ட வண்டியென்றால் அது கனத்த பேரேட்டில் கையால் எழுதியது. அந்தப் பேரேடு இன்று எந்த அலுவலகத்தில் இருக்கிறது என்பதே முதல் கேள்வி. சேலம் மாவட்டத்திலிருந்து தர்மபுரி 1965-இல் பிரிந்தது, நாமக்கல் 1997-இல் பிரிந்தது. கோயம்புத்தூரிலிருந்து ஈரோடு 1979-இல் பிரிந்தது. சேலத்தில் பதிவான திருச்செங்கோட்டு வண்டிக்கு இரண்டு ஊர் அலைய நேரலாம். தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி மனுப் போடலாம், 30 நாளில் பதில் வரவேண்டும். முன்னாள் உரிமையாளர் பெயர் கேட்டால் தனிநபர் விவரம் என்று பிரிவு 8(1)(ஜே)-ஐக் காட்டி மறுக்கவும் வாய்ப்புண்டு. அதனால் பெயர் கேட்காமல், பதிவு நடப்பில் இருக்கிறதா, எஞ்சின் மாற்றம் பதிவாகியிருக்கிறதா, என்ன தேதி என்று கேட்பது நல்லது.

வண்டிப் பதிவுகளைக் காட்டும் அரசின் வாஹன் இணையதளத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பழைய வண்டியை யாராவது அலுவலகத்தில் கொடுத்து ஏற்றியிருந்தால்தான் தென்படும். தென்பட்டாலும் பெயரில் பாதி நட்சத்திரக் குறி.

எஞ்சின் கதைக்கு வருவோம். எஞ்சின் மாற்றினால் 14 நாளுக்குள் தெரிவிக்கவேண்டும் என்று 1988-ஆம் வருடச் சட்டத்தின் பிரிவு 52 சொல்கிறது. லோடு ஏற்றி நிற்கிற வண்டிக்கு ராத்திரியோடு ராத்திரியாக எஞ்சின் மாற்றுகிறவருக்கு அதெல்லாம் ஞாபகம் இருக்குமா? அதனால் இங்கே இரும்பைத்தான் கேட்கவேண்டும்.

முதலில், இருப்பது என்ன எஞ்சின்? பழைய எஞ்சின்களுக்குப் பேரே அளவுதான். டாடாவின் 692 என்றால் 6 சிலிண்டர், 92 மில்லிமீட்டர் போர் (சிலிண்டரின் உள்விட்டம்). 697 என்றால் 97 மில்லிமீட்டர். லேலண்டில் கணக்கு கன அங்குலம். காமெட் லாரியின் 350, பிறகு வந்த 370, 400 எல்லாம் எஞ்சினின் மொத்தக் கொள்ளளவு. பெர்கின்ஸில் 6.354 என்றால் 6 சிலிண்டர், 354 கன அங்குலம். பி-6 மட்டும் இந்தக் கணக்குக்கு வராது. அதன் போர் மூன்றரை அங்குலம், ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) ஐந்து. ஹெட்டைக் கழற்றி போர் கேஜை உள்ளே விட்டால், ரீபோருக்கு (தேய்ந்த சிலிண்டரைக் குடைந்து பெரிதாக்குவது) கொஞ்சம் கழித்துக்கொண்டு, எந்த எஞ்சின் என்று தெரிந்துவிடும். டாடா–மெர்சிடிஸ் பென்ஸ் கூட்டு 1954 முதல் 1969 வரைதான். அந்தக் காலத்து நட்சத்திரம் வைத்த வண்டிக்குள் 697 உட்கார்ந்திருந்தால் அது பிற்பாடு குடிவந்தது.

அடுத்தது நம்பர். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். புக்கில் உள்ள நம்பரும் பிளாக்கில் உள்ள நம்பரும் ஒத்துப்போனால் ஒரிஜினல் என்று நினைப்பார்கள். ஸ்பேராக வரும் புது பிளாக்கில் நம்பர் இருக்காது. பட்டறையில் பழைய நம்பரையே வெட்டிவிடுவார்கள். எனவே பஞ்ச் செய்த நம்பரை மட்டும் பார்க்காமல் வார்ப்பிலேயே புடைத்து நிற்கும் எழுத்துகளையும் தேடுங்கள். சில பிளாக்குகளில் வார்ப்புத் தேதி இருக்கும். வண்டியின் முதல் பதிவுத் தேதிக்குப் பிந்தைய வார்ப்பு என்றால் பிளாக் மாறியிருக்கிறது, நம்பர் என்ன சொன்னாலும் சரி. மிலிட்டரி கழித்துவிட்டு டிஸ்போசலில் ஏலம் விட்ட லாரிகளில் இந்தக் கணக்கு எளிதில் பிடிபடாது. அங்கே பதிவுத் தேதியே தயாரிப்புக்குச் சில வருடம் பிந்தியது.

நம்பர் மேல் காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுக்கும் அச்சு, போட்டோவைவிட மேல். எழுத்துகள் ஒரே கோட்டில் இல்லாமல் ஏறி இறங்கினாலோ, சுற்றிலும் அரம் போட்ட வரி விழுந்தாலோ காகிதத்தில் பளிச்சென்று தெரியும். ஃபார்கோவில் நான் எடுத்த அச்சு சுத்தமாக இருந்தது. யாரும் நம்பரைத் தொடவில்லை. அப்படியானால் எஞ்சின் முழுசாக வெளியிலிருந்து வந்திருக்கவேண்டும்.

எங்கிருந்து என்பதை இரும்பு சொல்லாது. அதற்கு மனிதர்தான் வேண்டும். திருச்செங்கோட்டிலிருந்து ஒரு பழைய மெக்கானிக் மேஸ்திரியைக் கூட்டிவந்தேன். அவர் நம்பரைப் பார்க்கவே இல்லை. குனிந்து பிளாக்கின் இரண்டு பக்கமும் கையால் தடவினார். பிறகு எஞ்சினுக்கு அடியில் உள்ள எண்ணெய்த் தொட்டியான சம்ப்பைக் கழற்றச் சொல்லி, கிராங்க் தண்டின் பக்கச் சுவரான வெப்பில் லேத் பட்டறைக்காரர் வெட்டியிருந்த ‘30’-ஐக் காட்டினார். அங்குலத்தில் ஆயிரத்தில் முப்பது பங்கு கிரைண்டிங் ஆகிவிட்டது. இனிமேல் எடுக்க அதிகம் இல்லை. “இது வண்டியில ஓடுன எஞ்சின் இல்லீங்க. ஜெனரேட்டர்ல கெடந்தது. இங்க பாருங்க, காலு வெச்சு போல்ட்டு முறுக்குன தடம்” என்றார். பெர்கின்ஸை மெட்ராஸில் சிம்சன் தயாரித்ததால் லாரிக்கும் மற்றதற்கும் அது நம் பக்கம் தாராளமாகப் புழங்கியது. ஒன்றிலிருந்து கழற்றி இன்னொன்றில் மாட்டுவது சாதாரணம்.

மனித ஞாபகத்தை எஞ்சினுக்கு நம்புவேன், தேதிக்கு நம்பமாட்டேன். “எழுபதுல மாத்துனோம்” என்றால் முன்னே பின்னே பத்து வருடம் சேர்த்துக்கொள்ளுங்கள். பேர் விஷயத்திலும் அப்படியே. ஊரில் எல்லோரும் இந்த வண்டியை ‘டாட்ஜ்’ என்றுதான் சொன்னார்கள், புக்கில் ஃபார்கோ. இரண்டும் தப்பில்லை. டாட்ஜ், ஃபார்கோ, டிசோட்டோ மூன்றும் ஒரே கிரைஸ்லர் லாரிக்கு மாட்டிய வேறு வேறு பெயர்ப்பலகைகள். பம்பாய் பிரீமியர் கம்பெனியில் பூட்டியவை.

இவ்வளவு தேடி ‘விண்டேஜ்’ பதிவு வாங்கிவிடலாம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 2021-இல் வந்த விதிகள் 50 வருடம் தாண்டிய இருசக்கர வண்டிகளுக்கும் கார்களுக்கும்தான். லாரிக்கு அந்த ‘விஏ’ நம்பர் கிடையாது. நல்ல விலைக்கு வாங்கிவிட்டு அப்புறம் இதைக் கேள்விப்பட்ட இரண்டு பேரை எனக்குத் தெரியும்.

வண்டி வாங்கத்தான் போகிறீர்கள் என்றால் என் வரிசை இது: முதலில் பென்சில் அச்சு, பிறகு ஒரிஜினல் புக், மேஸ்திரி, கடைசியில் ஆர்.டி.ஓ. அலுவலகம். புக் இல்லையென்றால் மட்டும் ஆர்.டி.ஓ.வை முதலுக்குக் கொண்டுவாருங்கள். வண்டி பேரில் கடன் நின்றால் எஞ்சின் எதுவாக இருந்து என்ன?

ஃபார்கோவுக்கு விலை படியவில்லை. கிளம்பும்போது விற்கிறவர் அந்தப் பென்சில் அச்சை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டார். புக்கில் திருத்திய நம்பரையும் அதன் ஓரத்திலேயே எழுதிக்கொண்டு, அந்த எஞ்சின் எங்கே போனதென்று அவங்கப்பா காலத்து டிரைவரிடம் கேட்கப்போவதாகச் சொன்னார்.