நார்மண்டி தரையிறக்கம்: எந்தப் படம் பார்க்கலாம்?

1944 ஜூன் 6, இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனியை எதிர்த்து நேச நாடுகளின் (அமெரிக்கா, பிரிட்டன் முதலானவை) படைகள் பிரான்சின் நார்மண்டி கடற்கரையில் இறங்கிய நாள். 'தி லாங்கஸ்ட் டே' (1962), ஸ்பீல்பெர்க் இயக்கிய 'சேவிங் பிரைவேட் ரயன்' (1998) இரண்டில் எதைப் பார்ப்பது என்று குழம்புகிறவர்களுக்கு:

நீளம்: இரண்டுமே ஏறக்குறைய மூன்று மணி நேரம். இதில் பெரிய வித்தியாசம் இல்லை.

பார்வை: பழையது கறுப்பு வெள்ளை. ஜெர்மானியர் ஜெர்மனிலேயே பேசுவார்கள், பிரெஞ்சுக்காரர் பிரெஞ்சில். இரு தரப்புத் திட்டங்களும் புரியும். புதியது ஒரு சின்ன அமெரிக்கக் குழுவை விட்டு அதிகம் நகராது. ரயன் என்ற வீரனைத் தேடும் கதையும் கற்பனைதான்.

போர்க்காட்சி: ஸ்பீல்பெர்க் படத்தின் ஒமாஹா கடற்கரைக் காட்சி இருபது நிமிடத்துக்கு மேல் ஓடும். குண்டுவெடிப்பில் காது அடைத்துப்போக, அறுந்த தன் கையைத் தானே பொறுக்கிக்கொண்டு நடக்கிறான் ஒருவன். அப்புறம் சாப்பாடு இறங்காது. பழைய படத்தில் ரத்தம் குறைவு. ஆனால் சர்ச் கோபுரத்தில் பாராசூட் சிக்கித் தொங்கியபடி கீழே நடக்கும் சாவைப் பார்க்கும் வீரனை மறக்க முடியாது. அது உண்மையில் நடந்தது.

வரலாறு புரிய வேண்டுமா, வீட்டில் பிள்ளைகளும் பார்க்கிறார்களா, பழையதைப் போடுங்கள். அந்தக் கரையில் நின்றவனின் பயம் வேண்டுமென்றால் ஸ்பீல்பெர்க். நான் முதலில் பழையதைத்தான் சொல்வேன்.