ஒரே தகப்பன், இரண்டு பிள்ளைகள்: காடிலாக்கும் லிங்கனும்

காடிலாக்கும் லிங்கனும் அமெரிக்காவின் இரண்டு ஆடம்பரக் கார் பெயர்கள்; முன்னது ஜெனரல் மோட்டார்ஸுடையது, பின்னது ஃபோர்டுடையது. காடிலாக்கின் வேகமான செடான் சிடி5-வி பிளாக்விங்குக்கு எதிராக லிங்கனில் எந்த மாடலை நிறுத்தலாம்? எதுவுமில்லை. ஒரு பக்கம் 668 குதிரைத்திறன், ஆறு கியர், மூன்று மிதிகள். மறு பக்கம் அமெரிக்கச் சந்தையில் லிங்கனுக்கு செடான் என்ற வகையே 2020-ஓடு முடிந்துபோனது. ஒப்பிட ஒன்றுமில்லை என்று எழுந்து போய்விடலாம்.

ஆனால் இந்த இடைவெளி எப்படி விழுந்தது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. எஞ்சின் இல்லாததால் லிங்கன் பின்தங்கியது என்று சிலர் நினைக்கிறார்கள். ஃபோர்டு வீட்டில் நல்ல எஞ்சினுக்கு என்றுமே பஞ்சம் இருந்ததில்லை. அதை லிங்கனுக்குள் கொண்டுவந்து, பலன் தெரியும்வரை பொறுத்திருக்கத்தான் யாருக்கும் மனம் வரவில்லை.

இரண்டையும் தொடங்கியவர் ஒரே மனிதர், ஹென்றி லீலாண்ட். துப்பாக்கித் தொழிற்சாலைகளில் வேலை பழகியவர், அளவு பிசகினால் பொறுக்காதவர். ஹென்றி ஃபோர்டு விட்டுச்சென்ற ஒரு நிறுவனத்தின் மிச்சத்திலிருந்து 1902-இல் காடிலாக்கை உருவாக்கினார். 1908-இல் இங்கிலாந்தின் புரூக்லண்ட்ஸ் பந்தயத்தளத்தில் நடந்த சோதனையை இன்று படித்தாலும் வியப்பாக இருக்கிறது. மூன்று காடிலாக் கார்களை முழுவதுமாகப் பிரித்துப் பாகங்களைக் குவியலாகக் கலந்துவிட்டார்கள். சில பாகங்களை நடுவர்களே எடுத்து ஒளித்துவைத்து, விற்பனையாளரின் கிடங்கிலிருந்து வேறு கொண்டுவரச் செய்தார்கள். பிறகு அந்தக் குவியலிலிருந்து மீண்டும் மூன்று கார்களைப் பூட்டினார்கள். ஒன்றின் சக்கரக் காப்பு வேறொன்றில் என்று வண்ணங்கள் தாறுமாறாக மாறிக் கிடந்தன. ஆனால் மூன்றும் கிளம்பின, 500 மைல் ஓடின. அரத்தால் ராவிப் பாகங்களைப் பொருத்திய காலத்தில் இது சாதாரண காரியமில்லை. அதற்காக காடிலாக்குக்கு, கார்த் தொழில்நுட்பச் சாதனைக்குப் பிரிட்டனில் தரப்படும் டியூவர் கோப்பை கிடைத்தது.

1909-இல் ஜெனரல் மோட்டார்ஸ் காடிலாக்கை வாங்கியது. லீலாண்ட் 1917-இல் வெளியேறி, முதல் உலகப் போருக்கு விமான எஞ்சின் செய்ய இன்னொரு நிறுவனம் தொடங்கினார். 1864-இல் தான் வாக்களித்த அதிபரின் பெயரை அதற்கு வைத்தார். அதுதான் லிங்கன். போர் முடிந்ததும் கார் செய்யப்போய்க் கையைச் சுட்டுக்கொண்டார். 1922-இல் ஹென்றி ஃபோர்டு 80 லட்சம் டாலருக்கு அதை எடுத்துக்கொண்டார். சில மாதங்களில் லீலாண்ட் வாசலுக்கு வெளியே நின்றார்.

பந்தயத்தில் லிங்கனுக்கு ஏது வரலாறு என்று கேட்பவர்களுக்கு ஒரு செய்தி. 1950-களின் தொடக்கத்தில் மெக்சிகோவின் குறுக்கே 3,000 கிலோமீட்டருக்கு மேல் ஓடிய கரேரா பனமெரிக்கானா பந்தயத்தில், பெரிய செடான்களின் பிரிவில் 1952-இலும் 1953-இலும் முதல் நான்கு இடங்களையும் லிங்கன் பிடித்தது. 1954-இல் முதல் இரண்டு இடங்கள். காடிலாக்குக்கு 1950-இல், பிரான்சின் 24 மணிநேரப் பந்தயமான லு மான் அனுபவம் உண்டு. அமெரிக்கப் பந்தய வீரர் பிரிக்ஸ் கன்னிங்ஹாம் கொண்டுபோன இரண்டு கார்கள் 10-ஆவதாகவும் 11-ஆவதாகவும் வந்தன. அதில் ஒன்றின் அவலட்சணத்தைப் பார்த்துப் பிரெஞ்சுக்காரர்கள் 'அரக்கன்' என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பத்தாண்டின் கணக்கில், என் பார்வையில், வேகத்தின் பெயர் லிங்கனுக்குத்தான் போகவேண்டும்.

அடுத்த முப்பது ஆண்டுகளை இரண்டு நிறுவனங்களும் சோபா போன்ற சொகுசு கார்கள் செய்வதில் கழித்தன. தாண்டிப் போகலாம்.

1980-களில் லிங்கன் மார்க் 7-இன் எல்எஸ்சி வகைக்குள் ஃபோர்டின் விளையாட்டுக் காரான மஸ்டாங்கின் 5.0 லிட்டர் வி8 (எட்டு சிலிண்டர்) எஞ்சின் வந்தது. 1993-இல் மார்க் 8 வந்தபோது கதை இன்னும் நன்றாக மாறியது. 4.6 லிட்டர், 32 வால்வு, அலுமினிய வி8 எஞ்சின் முதலில் லிங்கனுக்குக் கிடைத்தது. மஸ்டாங்கின் வேகமான வகையான கோப்ரா அதே குடும்பத்து எஞ்சினுக்காக 1996 வரை காத்திருந்தது. மூத்த பிள்ளைக்கு முதல் பந்தி என்ற முறை அப்போது ஃபோர்டு வீட்டில் இருந்தது. அது நீடிக்கவில்லை.

1998 ஒரு வேடிக்கையான ஆண்டு. முந்தைய ஆண்டு வந்திருந்த நேவிகேட்டர் என்ற பெரிய எஸ்யூவி லிங்கனின் விற்பனையைத் தூக்கிவிட்டது. பதறிப்போன காடிலாக், ஜிஎம்சியின் யூகான் டெனாலியில் முத்திரையை மாற்றி எஸ்கலேட் என்று அவசரமாக இறக்கியது. ஆண்டு முடிவில் 222 கார்கள் வித்தியாசத்தில் காடிலாக்கே முதலிடம் என்று அறிவிப்பு வந்தது. சில மாதங்கள் கழித்து, டிசம்பர் கணக்கில் 4,773 கார்கள் கூடுதலாக எழுதப்பட்டிருந்தன என்று ஜெனரல் மோட்டார்ஸே ஒப்புக்கொண்டது. முதலிடம் லிங்கனுக்குப் போனது. தோற்றதைவிட, தோல்வியை மறைத்தது பிடிபட்டதுதான் காடிலாக்குக்குப் பெரிய அடி. பின்னால் வந்த பிடிவாதத்துக்கு இந்த அவமானமும் ஒரு விதை என்று நினைக்கிறேன். இது என் ஊகம்தான்.

அடுத்த சில ஆண்டுகளில்தான் இரண்டு பேரின் பாதையும் பிரிந்தது. 2000 மாடலாக லிங்கன் எல்எஸ் வந்தது. பின்சக்கர இயக்கம், ஜாகுவார் எஸ்-டைப்புடன் பகிர்ந்துகொண்ட அடித்தளம், வி6 எஞ்சினோடு கைக்கியர் கூடக் கிடைத்தது. மோட்டார் டிரெண்ட் இதழின் அந்த ஆண்டின் சிறந்த கார் விருதும் வந்தது. அஸ்திவாரம் முழுவதும் போட்டாயிற்று, மேலே மாடி எழுப்ப வேண்டியதுதான் பாக்கி. ஃபோர்டு எழுப்பவில்லை. பெரிய எஞ்சின் வரவில்லை, கைக்கியர் காணாமல் போனது, 2006-இல் காரே முடிந்தது. அடுத்த தலைமுறை என்ற ஒன்று பிறக்கவே இல்லை.

காடிலாக் சிடிஎஸ் 2003 மாடலாக வந்தபோது எல்எஸ்ஸைவிடப் பெரிதாக உயர்ந்ததாகத் தெரியவில்லை. உள்ளே பிளாஸ்டிக் மலிவாக இருந்தது, கத்தியால் சீவியது போன்ற முகம் பலருக்குப் பிடிக்கவில்லை. ஆனால் மறு ஆண்டே ஜெனரல் மோட்டார்ஸின் விளையாட்டுக் காரான கார்வெட் இசட்06-இன் 5.7 லிட்டர் வி8 எஞ்சினை எடுத்து அதற்குள் வைத்தார்கள். 400 குதிரைத்திறன், ஆறு கியர் கைக்கியர் மட்டும். அதுதான் முதல் சிடிஎஸ்-வி. அந்தக் காரில் குறை இருந்தது. வேகமாகக் கிளம்பினால் பின்சக்கரங்கள் குதிக்கும், அந்த அதிர்ச்சியைப் பின் அச்சின் டிஃபரென்ஷியல் (இரு பின்சக்கரங்களுக்கும் விசையைப் பிரித்துக் கொடுக்கும் பல்சக்கரத் தொகுதி) தாங்காது. ஃபோர்டாக இருந்திருந்தால் அங்கேயே கடையைக் கட்டியிருக்கும். காடிலாக் பழுதைச் சரிசெய்துகொண்டு இரண்டாவது முறை வந்தது.

இரண்டாம் தலைமுறைக்கு 6.2 லிட்டர், எஞ்சினுக்குள் கூடுதல் காற்றை அழுத்தும் சூப்பர்சார்ஜர், 556 குதிரைத்திறன். 2008-இல் ஜெனரல் மோட்டார்ஸ் பொறியாளர் ஜான் ஹைன்ரிசி ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் பந்தயத்தளத்தின் சுற்றை அதில் 7 நிமிடம் 59.32 விநாடியில் முடித்தார். ஜெர்மன் செடான்களின் சொந்த முற்றத்தில் ஒரு காடிலாக் எட்டு நிமிடத்துக்குள் வந்தது. அதே எஞ்சினைக் குடும்பத்தோடு போகும் வேகன் உடலுக்குள்ளும் வைத்து, கைக்கியரும் கொடுத்தார்கள். யார் வாங்குவார்கள் என்று கணக்குப் பார்த்திருந்தால் அந்த வேகன் பிறந்திருக்காது. 2016-இல் மூன்றாம் தலைமுறை, 640 குதிரைத்திறன். தானியங்கிக் கியர் மட்டும் என்பது அதில் எனக்கு வருத்தம்.

பிறகு பிளாக்விங். இந்தப் பெயரின் குழப்பத்தைச் சொல்லிவிடுகிறேன். முதலில் அது ஒரு எஞ்சினின் பெயர். 4.2 லிட்டர், இரட்டை டர்போ, கையால் பூட்டிய வி8. காடிலாக்கின் சிடி6-வி என்ற செடானில் 550 குதிரைத்திறனோடு வந்து, அந்தக் காரோடு சேர்ந்தே மறைந்தது. 2022 மாடலாக வந்த சிடி4-வி பிளாக்விங்கிலும் சிடி5-வி பிளாக்விங்கிலும் பிளாக்விங் எஞ்சின் கிடையாது. சின்னதில் 472 குதிரைத்திறன் தரும் இரட்டை டர்போ வி6. பெரியதில் கார்வெட் இசட்06 வழிவந்த சூப்பர்சார்ஜர் வி8. பழைய காடிலாக் சின்னத்தில் இருந்த கருநிறப் பறவைகளிலிருந்து வந்த பெயர் அது. குலச்சின்ன மரபில் அந்தப் பறவைக்குக் கால்களே வரைவதில்லை. காலில்லாத பறவையின் பெயரை, இடது காலுக்கும் வேலை வைக்கும் காருக்குச் சூட்டியிருக்கிறார்கள்.

சிடி5-வி பிளாக்விங்கில் என்னை மயக்குவது அதன் 320 கிலோமீட்டர் உச்ச வேகம் அல்ல. அதை எந்தச் சாலையில் பார்க்கப்போகிறோம்? அதிர்வுதாங்கிதான் அதன் உயிர். அந்த உருளைக்குள் இருக்கும் எண்ணெயில் நுண்ணிய இரும்புத் துகள்கள் மிதக்கின்றன. மின்காந்தச் சுருளில் மின்சாரம் பாய்ந்ததும் துகள்கள் வரிசைகட்டி நிற்கும், எண்ணெய் கூழாகக் கெட்டிப்படும், தாங்கி இறுகும். மின்சாரம் நின்றால் மறுபடி தண்ணீராக இளகும். சாலையையும் சக்கரத்தையும் பார்த்து விநாடிக்கு ஆயிரம் முறை வரை இந்தக் கணக்கு நடக்கிறது. இதை உலகில் முதலில் காரில் கொண்டுவந்ததும் காடிலாக்தான், செவில் என்ற மாடலின் 2002 பதிப்பில். ஒரே கார் காலையில் அலுவலகத்துக்கு அலுங்காமல் போவதும், மாலையில் பந்தயத்தளத்தில் தரையோடு ஒட்டி ஓடுவதும் இதனால்தான்.

லிங்கன் அதே குண்டு குழிக்கு வேறு விடை வைத்திருக்கிறது. லிங்கனின் எஸ்யூவியான ஏவியேட்டரின் முன் கேமரா எதிரே வரும் பள்ளத்தை முன்கூட்டியே பார்த்து, சக்கரம் அங்கே போய்ச் சேரும் முன் தாங்கிகளைத் தயார்செய்கிறது. காற்றுத் தாங்கி உள்ள வகையில், சாவியோடு அருகே போனால் வண்டி தானாகத் தணிந்துகொடுக்கும். முட்டிவலிக்காரர் ஒருவரை அதில் ஏற்றிப் பார்த்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். சீட்பெல்ட் போடவில்லை, கதவு சாத்தவில்லை என்று எச்சரிக்கும் மணியைக்கூட டெட்ராய்ட் சிம்பொனி இசைக்குழுவின் வயலினிலும் வயோலாவிலும் வாசித்துப் பதிவுசெய்தார்கள். காடிலாக் விநாடிகளை எண்ணிக்கொண்டிருந்த நேரத்தில் லிங்கன் காதுக்கு வேலை செய்தது.

இதைக் கேலியாகச் சொல்லவில்லை. ஏவியேட்டர் கிராண்ட் டூரிங் என்று சில ஆண்டுகள் விற்ற பிளக்-இன் ஹைபிரிட் வகையின் எண்களைப் பாருங்கள். 494 குதிரைத்திறன், 854 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை. பிளாக்விங்கின் முறுக்குவிசை 893. இவ்வளவு நெருக்கத்தில் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, லிங்கன் அதைக் கூவி விற்கவே இல்லை. 2017 மாடலாகத் திரும்பிவந்த கான்டினென்டலிலும் இதே கதைதான். லிங்கனுக்கென்றே வைத்த 3.0 லிட்டர் இரட்டை டர்போ வி6, 400 குதிரைத்திறன், நான்கு சக்கர இயக்கம். ஆனால் அடியில் இருந்தது முன்சக்கர இயக்கக் குடும்பக் காரின் அடித்தளம். கடைசிக் காலத்தில் 80-ஆம் ஆண்டு நினைவாக 80 கார்களை நீட்டி, பின்கதவு எதிர்ப்புறம் திறக்கும்படி செய்தார்கள். ஒரு லட்சம் டாலரைத் தாண்டிய விலைக்கு அவை போயின. கதவைத் திருப்பிப் போடக் காட்டிய அக்கறையில் பாதியைப் பின் அச்சுக்குக் காட்டியிருக்கலாம். 2020-இல் மஸ்டாங் ஷெல்பி ஜிடி500-க்கு 760 குதிரைத்திறன் கிடைத்தது. அதே ஆண்டில் கான்டினென்டல் நிறுத்தப்பட்டது. வேறு சாட்சி வேண்டுமா?

கிறைஸ்லர் 300-ஐ இந்த வரிசையில் சேர்க்கச் சொல்பவர்கள் உண்டு. 6.4 லிட்டர் ஹெமி, 485 குதிரைத்திறன் என்று 2023-இல் விடைபெற்ற அந்தக் கார் எனக்கும் பிடிக்கும். ஆனால் உள்ளே உட்கார்ந்தால் ஆடம்பரம் என்ற சொல் நாவில் வரவில்லை. மின்சாரக் கார்களான டெஸ்லா மாடல் எஸ் பிளெய்டுக்கு 1,020, லூசிட் ஏர் சஃபயருக்கு 1,234 குதிரைத்திறன். நேர்க்கோட்டில் மேலே சொன்ன எல்லாவற்றையும் அவை தூசியாக்கிவிடும். எண் மட்டுமே வேண்டுமென்றால் அங்கே போங்கள், நான் தடுக்கவில்லை.

எனக்கு வேகமாக ஓட்டிப் பார்க்க சிடி5-வி பிளாக்விங், அதுவும் கைக்கியரோடு. ஐந்நூறு மைல் தள்ளி யாரையாவது பார்க்கப் போகவேண்டுமென்றால் ஏவியேட்டர். 2004-இன் சிடிஎஸ்-வியை ஊரே வியக்க வைத்த அதே 400 குதிரைத்திறன் இன்று அந்த ஏவியேட்டரின் அடிப்படை வகையிலேயே சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கிறது.

எஸ்கலேட்டின் வேகமான வகையான எஸ்கலேட்-வி மட்டும் எனக்குப் புரியாத பிராணி. வீடு போல ஒரு வண்டி, அதற்குள் 682 குதிரைத்திறன், நின்ற இடத்திலிருந்து 96 கிலோமீட்டர் வேகத்தை 4.4 விநாடியில் தொடுகிறது. வளைவில் அந்தக் கனத்தை யார் சமாளிப்பது? நேவிகேட்டர் இந்தப் போட்டிக்கு வராமல் 440 குதிரைத்திறனோடு நின்றுகொண்டது, சாய்விருக்கையை மேலும் மெத்தென்று ஆக்குவதில் கவனம் வைத்தது. எனக்குச் சரியாகப்பட்டது லிங்கனின் முடிவுதான். அறிமுகமானபோது எஸ்கலேட்-வியின் விலை சுமார் 1,50,000 டாலர். சிடி5-வி பிளாக்விங் அறிமுகமானது சுமார் 85,000 டாலரில். மிச்சமிருக்கும் 65,000 டாலரில் ஒரு ஏவியேட்டர் வாங்கி, லீலாண்டின் இரண்டு பிள்ளைகளையும் ஒரே கொட்டகையில் நிறுத்தி, பெட்ரோலுக்கும் கொஞ்சம் எடுத்துவைக்கலாம். பெட்ரோல் தேவைப்படும். முக்கியமாக பிளாக்விங்குக்கு.