மொசைக் கற்க எங்கே போகலாம்: ஸ்பிலிம்பெர்கோவா, ராவென்னாவா, கொழிஞ்சாம்பாறை மேஸ்திரியா?

பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கம் மொசைக் தரை போடும் வீட்டுப் பிள்ளை ஒன்று, கல்லால் படம் பதிக்கவும் கற்க ஆசைப்பட்டால் எங்கே அனுப்புவது? விசாரித்தால் இத்தாலியின் இரண்டு ஊர்களைச் சொல்வார்கள். நம்மூர் மேஸ்திரியை யாரும் சொல்வதில்லை. எனக்கு அவரையும் சேர்த்துத்தான் பார்க்கத் தோன்றுகிறது.

இத்தாலியில் நான் ஸ்பிலிம்பெர்கோ பக்கம். அங்குள்ள மொசைக் பள்ளி 1922இல் தொடங்கியது. சுற்றுவட்டாரமான ஃப்ரியூலி பகுதி மக்களுக்கு அதற்கு முன்பே தரை போடுவதுதான் பிழைப்பு. ஆற்றுக் கல்லை உடைத்துப் பதிக்கக் கற்றவர்கள், வேலை தேடி ஐரோப்பா முழுக்கப் போனார்கள். அதனால்தான் அங்குள்ள மூன்றாண்டுப் படிப்பில் பட மொசைக்கோடு தெராத்ஸோ தரையும் பாடமாக இருக்கிறது. கல் சிப்ஸைக் கலவையில் போட்டு, இறுகியபின் தேய்த்து மெருகேற்றும் நம்மூர் மொசைக் தரை வேலையேதான் அது. நம் பிள்ளைக்குப் பாதி கை பழகியிருக்கும்.

முதலில் ரோமானியப் படங்களைப் பார்த்துப் பதிக்க வைக்கிறார்கள், அப்புறம் கிழக்கு ரோமப் பேரரசின் பைசாந்தியப் பாணி, சொந்த வடிவம் கடைசியில். மரக்கட்டையில் நட்ட உளிமேல் கல்லை வைத்து, இருபுறமும் கூரான மார்தெல்லினா சுத்தியலால் தட்டி வெட்ட வேண்டும். முகம் பதித்தால் கன்னத்தின் வளைவோடு வளைந்து கல் வரிசை ஓட வேண்டும். பின்னணிக் கற்களும் முதல் ஓரிரு வரிசைக்கு உருவத்தின் ஓரத்தை ஒட்டியே போகும். இந்த ஓட்டம் பிடிபடாவிட்டால் எவ்வளவு நல்ல கல்லும் வெறும் புள்ளிதான்.

பக்கத்து ஊரான செக்குவல்ஸில் பிறந்த ஃபக்கீனா, பாரிஸ் ஒப்பேரா மாளிகையின் மொசைக்கைச் செய்தவர். அவர் கையாண்ட முறையில் கற்களைப் பட்டறையிலேயே காகிதத்தில் குப்புற ஒட்டிக்கொண்டு போய், சுவரில் அழுத்தி, நனைத்துக் காகிதத்தை உரித்துவிடலாம். பெரிய சுவருக்கு இது வரப்பிரசாதம். ஆனால் பரப்பு தட்டையாகிவிடும்.

தட்டையானால் எதை இழக்கிறோம் என்பதை ராவென்னாவில் கண்ணால் பார்க்கலாம். 547இல் அர்ப்பணிக்கப்பட்ட சான் வித்தாலே கோயிலில் கண்ணாடிக்கு நடுவே தங்கத் தகடு வைத்த துண்டுகளைக் கையால் ஒவ்வொன்றாகப் பதித்திருக்கிறார்கள். சாய்வு ஒன்றுபோல இல்லாததால் நாம் நகர நகர ஒளியும் நகரும். கலைக் கல்லூரிப் பட்டமும் வரைதலும்தான் நோக்கம் என்றால் ராவென்னாவே சரி. தரைத் தொழிலை விடாமல் வளர நினைப்பவருக்கு அது சற்றுத் தள்ளி நிற்கிறது.

மேஸ்திரி வரையக் கற்றுத் தர மாட்டார். வெள்ளை சிமென்டில் கலர் பவுடர் எவ்வளவு, கண்ணாடிப் பட்டைகளுக்கு இடையே சிப்ஸ் எவ்வளவு நெருக்கமாக விழ வேண்டும், தண்ணீர் கட்டிய தரை எப்போது தேய்க்கும் மெஷினைத் தாங்கும் என்பதெல்லாம் அவர் கையில் இருக்கிறது. கூலியும் கிடைக்கும். டைல்ஸ் வந்தபின் இந்த வேலை குறைந்து, தெரிந்தவர்களுக்கு வயதும் ஆகிவிட்டது. அதனால் முதலில் அவரிடம் போகட்டும். கூடவே இத்தாலிய மொழியையும் இங்கேயே தொடங்கிவிட வேண்டும். அது இல்லாமல் அங்கே வகுப்பில் உட்கார்ந்து பயனில்லை.