ஊர்க்காரன் என்று நம்பி 693,000 ரூபாயை இழந்தேன்: கனடாவில் வீடு தேடுபவர்கள் வாசியுங்கள்

ஆத்திரம் அடங்கினபிறகு எழுது என்று இவர், என் கணவர், சொன்னார். அடங்கிவிட்டால் எழுத மாட்டேன் என்று எனக்குத் தெரியும், அதனால் இப்போதே எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். போனது 693,000 ரூபாய். அதில் நாலு லட்சம் என் காப்பையும் சங்கிலியையும் அடகு வைத்தது, மிச்சம் இரண்டு வருடம் கட்டிய சீட்டு.

பி.ஆர். (நிரந்தர வதிவிட உரிமை) கிடைத்து இவர் ஐந்து மாதத்துக்கு முன் கனடா போனார். நானும் மகளும் (9 வயது) மகனும் (4 வயது) பின்னால் போவதாக ஏற்பாடு. இவர் பிரம்டனில் நாலு பெடியன்களோடு ஒரு அறையில் இருந்தார், இரவில் களஞ்சியசாலை வேலை. குடும்பத்தோடு இருக்க டொரன்டோவின் ஸ்காபரோ பக்கம்தான் வேண்டும் என்று நின்றது நான்தான். தமிழ்க் கடை, கோயில், பள்ளிக்கூடத்தில் தமிழ்ப் பிள்ளைகள் எல்லாம் இருக்கும், இவர் வேலைக்குப் போனபிறகு எனக்கு வாய் திறந்து பேச ஒரு ஆளாவது இருக்கும் என்று நினைத்தேன். அங்கே எந்தப் பள்ளிக்கூடம் என்பது எந்தத் தெருவில் வீடு என்பதைப் பொறுத்தது, வீட்டு விலாசத்துக்கு ஆதாரம் காட்டாமல் பிள்ளையைச் சேர்க்க முடியாது. அதனால் எல்லாமே வீட்டில்தான் வந்து நின்றது.

வீடு கிடைத்தால்தானே. போகிற இடமெல்லாம் கிரெடிட் ரிப்போர்ட் (கடனை ஒழுங்காகக் கட்டுகிற ஆளா என்று காட்டும் அறிக்கை) கேட்டார்கள், வேலைக் கடிதம் கேட்டார்கள், பிணை நிற்க ஆள் கேட்டார்கள். போய் ஐந்து மாதமான மனுசனுக்குக் கிரெடிட் எங்கே இருக்கும்? அப்போதுதான், வெளிநாட்டுத் தமிழருக்கென்று வாடகை, வேலை, கலியாண விளம்பரம் போடும் ஒரு தளத்தில் நான் அந்த பேஸ்மென்ட் வீட்டைக் கண்டேன். பெயர் சொல்ல மாட்டேன், அந்த மாதிரித் தளங்கள் நிறைய இருக்கின்றன. இரண்டு அறை, தனி வாசல், மாதம் 1,650 டொலர். விளம்பரம் போட்டவரின் பெயருக்குப் பக்கத்தில் பச்சைச் சரி அடையாளம், 'சரிபார்க்கப்பட்டவர்' என்று. வட்ஸ்அப்பில் ஒரு வணக்கம் போட்டேன். பத்து நிமிடத்தில் அவனே எடுத்தான்.

இந்த இடத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் விழுந்தது இங்கேதான். எந்த ஊர் தங்கச்சி என்று கேட்டான். திருகோணமலை, பாலையூற்று என்றேன். "அட, நான் உவர்மலை! எங்கட ஆளா நீங்க!" என்றான். பத்திரகாளி அம்மன் கோயிலடியில் சைக்கிளை விட்டுவிட்டுக் கடற்கரைக்குப் போன கதை சொன்னான். பிறகு கேட்டான்: "அந்த மானெல்லாம் இப்பவும் ரோட்டில நிக்குதா தங்கச்சி? பொலித்தீன் பையைத் தின்னுமே, பாவம்." அன்று காலையில்தான் மகனைக் கூட்டிப்போகும்போது ஒரு மான் எங்களை மறித்து நின்றது. அதைச் சொல்லிச் சிரித்தேன், அவனும் சிரித்தான். அந்தச் சிரிப்போடு என் சந்தேகம் எல்லாம் போய்விட்டது. திருகோணமலைக் கோட்டைக்குள் ஒரு தடவை வந்து போன சுற்றுலாக்காரனுக்கும் அந்த மான்களைத் தெரியும், யூடியூப்பில் தேடினால் ஆயிரம் வீடியோ இருக்கிறது என்பது இப்போது விளங்குகிறது.

இன்னொன்று. பேச்சுக்கிடையில் "கன்னியா கடற்கரையில குளிச்ச காலம்" என்றான். கன்னியாவில் ஏது கடற்கரை? அங்கே இருப்பது ஏழு வெந்நீர்க் கிணறு. நான் என்ன செய்தேன் தெரியுமா? "நிலாவெளியைத்தானே சொல்றீங்கள் அண்ணா" என்று நானே திருத்திக் கொடுத்தேன். "ஓமோம், வந்து 25 வருசம், எல்லாம் மறந்துபோச்சு" என்றான். கள்ளனுக்கு விடை சொல்லிக் கொடுத்து பாஸ் பண்ண வைத்த வாத்தியார் நான்தான்.

மாமி மட்டும் பக்கத்தில் இருந்து, உவர்மலையில் எந்த வீடு, யாருடைய பிள்ளை என்று கேள் என்றார். எனக்கு வெட்கமாக இருந்தது. உதவி செய்கிற மனுசனிடம் பூர்வீகம் விசாரிப்பதா என்று போனை எடுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போய்விட்டேன்.

கிரெடிட் ரிப்போர்ட் வேண்டாம் என்றான், எங்கட ஆக்களிடம் அதெல்லாம் கேட்கிறதில்லையாம். மற்றவர்களிடம் 500 டொலர் சேத வைப்பு வாங்குவேன், உங்களுக்கு வேண்டாம் என்றான். எவ்வளவு நல்ல மனுசன் என்று நினைத்தேன். ஒன்ராறியோவில் (பிரம்டன், ஸ்காபரோ எல்லாம் இருக்கிற மாகாணம்) சேதத்துக்கென்று முற்பணம் வாங்குவதே சட்டப்படி கூடாது என்று பிறகுதான் தெரிந்தது. இல்லாத ஒன்றை விட்டுக்கொடுத்து என்னிடம் நல்ல பெயர் வாங்கியிருக்கிறான். முதல் மாதமும் கடைசி மாதமும் கட்டச் சொன்னான், 3,300 டொலர். அங்கே அப்படி வாங்குவது வழக்கம்தான், அதனால் இவருக்கும் சந்தேகம் வரவில்லை.

இவர் போய்ப் பார்க்கவில்லையா என்று கேட்பீர்கள். போனார். இரவு வேலை முடித்து, பஸ் மாறி மாறி இரண்டு மணி நேரத்துக்கு மேல். வாசலில் நிற்கும்போது போன் வந்தது, உள்ளே இருக்கிற ஆட்களுக்குக் கைக்குழந்தை, இப்போதுதான் தூங்கியது, தட்ட வேண்டாம், வீடியோ அனுப்புகிறேன் என்று. பனிக்குள் நின்று பக்கவாசலைப் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிட்டார். வீடியோவில் மகள் தன் மேசைக்கு ஜன்னலோரம் இடமும் பிடித்துவிட்டாள்.

காசை அங்கே கட்டினால் உங்களுக்குக் கஷ்டம், ஊரில் என் மச்சானின் கணக்குக்குப் போடுங்கள், டொலருக்கு 210 ரூபாய்ப்படி கணக்குப் பார்க்கிறேன் என்றான். வங்கி விலையைவிடக் குறைவு. டவுனில் வங்கியில் வரிசையில் நின்று கட்டினேன். கவுண்டரில் இருந்த பிள்ளை யாருக்கு அக்கா என்று கேட்டது. சொந்தக்காரர் என்றேன். ரசீதைப் படம் எடுத்து அனுப்பினேன், கைகூப்பும் படம் ஒன்று வந்தது. இவருடைய பாஸ்போர்ட் படத்தையும் சின் நம்பரையும் (வேலைக்கும் வரிக்கும் கனடா அரசாங்கம் கொடுக்கும் தனி நம்பர்) வேறு கேட்டான், அதையும் அனுப்பினோம்.

பெப்ரவரி 1ஆம் தேதி காலை பத்து மணிக்குத் திறப்பு தருவதாகப் பேச்சு. இங்கே இரவு எட்டரை. பனி கொட்டுகிறது, கார் எடுக்க முடியாது, நாளைக்கு என்றான். மறுநாள் உள்ளே இருப்பவர்களின் குழந்தைக்குக் காய்ச்சல். அதற்கடுத்த நாள் நான் எழுதியதற்கு ஒரே ஒரு டிக்தான் விழுந்தது, அவனுடைய படமும் காணாமல் போனது. இவர் பெட்டியோடு போய்க் கதவைத் தட்டினார். ஒரு சீனக் கிழவி திறந்தாளாம். வீடு அவளுடையது, வாடகைக்கு விடவே இல்லை, இந்த மாதம் வந்த மூன்றாவது ஆள் நீ என்றாளாம். உள்ளே கூப்பிட்டுத் தேத்தண்ணி கொடுத்திருக்கிறாள். இவ்வளவு நடந்ததில் எங்களுக்கு நல்லது செய்தது முகம் தெரியாத அந்த மனுசி ஒருத்திதான்.

பிறகு ஆரம்பித்தது அலைச்சல். தளத்துக்கு எழுதினேன், உங்கள் முறைப்பாடு கிடைத்தது என்று இயந்திரப் பதில். மூன்று நாள் கழித்து, நாங்கள் விளம்பரம் போட இடம் தருபவர்கள் மட்டுமே, கொடுக்கல் வாங்கல் உங்கள் இருவருக்கும் இடையில் என்று வந்தது. அப்படியென்றால் அந்தப் பச்சை அடையாளம்? அது போன் நம்பர் வேலை செய்கிறது என்பதற்கு மட்டுமாம்! விளம்பரத்துக்குக் கீழே இவன் கள்ளன் என்று எழுதினேன். அரை மணி நேரத்தில் என் கருத்தைத் தூக்கிவிட்டார்கள், விளம்பரத்தைத் தூக்கவில்லை. வங்கியில், நீங்களாக வந்து கட்டிய காசு, நீதிமன்ற உத்தரவு இல்லாமல் கணக்குக்காரர் யாரென்று சொல்ல முடியாது என்றார்கள். மனேஜரைப் பார்க்க நின்றேன், மீட்டிங்கில் இருக்கிறார், நாளைக்கு வாங்க. நாளைக்குப் போனேன், லீவு. 693,000 ரூபாயை வாங்கும்போது ஐந்து நிமிடம்கூட எடுக்கவில்லை.

பொலிசில் முறைப்பாடு கொடுத்தேன், எழுதியவர் நல்ல மாதிரித்தான் பேசினார். கனடா வீட்டுக்கு இலங்கைக் கணக்கில் ஏன் காசு போட்டீர்கள் என்று அவர் கேட்டபோது எனக்குப் பதில் வரவில்லை, அது அனுமதியில்லாமல் நாட்டுக்கு நாடு காசு மாற்றுகிற உண்டியல் வேலை என்று அப்போதுதான் உறைத்தது. இவரும் அங்கே பொலிசிலும் மோசடிகளைப் பதிவு செய்யும் கனேடிய மையத்திலும் சொல்லி, பெயரில் யாரும் கடன் எடுக்காமல் இருக்க கிரெடிட் கம்பனிகளுக்கும் அறிவித்துவிட்டார்.

14ஆம் தேதி எங்களுக்கு டிக்கெட். மகளின் பள்ளிக்கூட விடுகைப் பத்திரம் எடுத்தாயிற்று, தடுப்பூசி அட்டைகளைச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்து ஆங்கிலத்தில் மாற்றியாயிற்று, மிளகாய்த்தூள் இடித்துப் பொதி செய்தாயிற்று. விசாவுக்குக் காலக்கெடு இருக்கிறது, தள்ளிப்போடவும் முடியாது. இவர் பழைய அறையை விட்டதும் வேறு பெடியன் வந்துவிட்டான், இப்போது கூட வேலை செய்பவரின் சோபாவில் படுக்கிறார். மகள் மேசையைப் பற்றிக் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

என்ன செய்ய வேண்டும் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், எனக்கே ஒழுங்காகத் தெரியாது, தெரிந்ததைச் சொல்கிறேன். உள்ளே காலெடுத்து வைக்காமல் ஒரு சதமும் கட்டாதீர்கள், வீடியோ வீடு இல்லை. அறிமுகமில்லாத மூன்றாம் ஆளின் கணக்குக்குப் போடவே போடாதீர்கள். ஒன்ராறியோவில் 2018 ஏப்ரல் 30 முதல் வாடகைக்கு அரசாங்கத்தின் ஒரே மாதிரியான லீஸ் படிவம் இருக்கிறது, அதைக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லுங்கள், இழுத்தால் விட்டுவிடுங்கள். சின் நம்பர் கொடுக்காதீர்கள், வீட்டுக்காரனுக்கு அது தேவையே இல்லை. படத்தை கூகுளில் போட்டுத் தேடுங்கள், நான் நேற்றுத்தான் தேடினேன், அந்தக் குசினிப் படம் வீடு விற்கும் பழைய விளம்பரம் ஒன்றில் இருக்கிறது. ஊர்க்காரன் என்றால் எந்த வீடு, யார் பிள்ளை என்று கேளுங்கள், வெட்கப்படாதீர்கள்.

மகன் எழும்பிவிட்டான், அடகு வட்டிக்கும் ஓட வேண்டும். அதே குசினி, அதே திரைச்சீலை, வேறு பெயரில் இன்று காலையும் தளத்தில் கிடக்கிறது. வாடகையை 1,600 ஆகக் குறைத்திருக்கிறான்.